அரை ரசீது

கூட்டம் பதினோரு மணிக்கு.
பலகையில் பத்தரை என்று எழுதியிருந்தேன்,
அப்போதுதான் பதினொன்றுக்காவது வருவார்கள்.

சங்க அலுவலகம் என்பது
மோட்டார் ரூமை ஒட்டிய ஓர் அறை.
புதுவயலில் எல்லா மேசையிலும் போல
இந்த மேசையிலும் தவிட்டுத் தூசி.
மில்லில் அவித்த நெல்லின் வாசம்
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல்
முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது.

எண்பத்திரண்டு உறுப்பினர்.
ஆளுக்கொரு பங்கு, பங்கு நூறு ரூபாய்,
ஆளுக்கொரு ஓட்டு.
துணைவிதி அப்படித்தான் சொல்கிறது.
குழாய் வேறு சொல்கிறது:
முதல் மூன்று தெரு, சங்கம் தொடங்கியவர்கள், தினமும் தண்ணீர்.
நான்காம் தெரு, பின்னால் பங்கு மாற்றி வந்தவர்கள்,
ஒருநாள் விட்டு ஒருநாள்.

தீர்மானம் எதுவும் கிடையாது இதற்கு.
வால்வு திருகும் மாயழகுக்கு
யாரோ எப்போதோ வாய்மொழியாகச் சொன்னது.
யார் என்று கேட்டால்
எல்லோரும் மோட்டாரைப் பார்ப்பார்கள்.

(என் வீடு இரண்டாம் தெரு.
இதையும் பதிந்துவிடுகிறேன்.)

செபஸ்தியம்மாள், உறுப்பினர் எண் 79,
மில்லில் மூட்டை தைக்கிறவர்.
பங்குச் சான்றிதழை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார்.
தலைவரிடம் நீட்டினார்.
"இதுல எங்கய்யா பாதின்னு போட்டிருக்கு?"

தலைவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.
பின்னால் ஒன்றும் இல்லை.

அப்புறம் அவர்
மேசையில் நூற்றைம்பது ரூபாயை வைத்தார்.
மாதப் பராமரிப்பு முந்நூறு.
"பாதித் தண்ணிக்குப் பாதிக் காசு.
ரசீது போடுங்க."

பொருளாளர் சாத்தப்பன் பேங்கில் கேஷியராக இருந்தவர்.
குறைந்த கட்டைத் தொடவே மாட்டார்.
ஒரு விரலால் தள்ளிவிட்டார்.
"அதெப்படிம்மா? சங்கத்துல ஆளுக்கொரு சட்டமா?
உறுப்பினர்னா எல்லாரும் ஒண்ணுதான்.
முந்நூறுன்னா முந்நூறு."

யாரோ இருமினார்.
சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார்
முதல் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

செபஸ்தியம்மாள் கூலிக் கவரிலிருந்து
இன்னொரு நூற்றைம்பதை எடுத்தார்.
முன்பே எண்ணி மடித்துவைத்தது.
பணத்தை அவரிடம் தள்ளிவிட்டு
என்னைப் பார்த்துச் சொன்னார்:
"அய்யா சொன்னத அப்படியே எழுதிக்கங்க."

நான் எழுத்தர். மாதம் நாலாயிரம்.
சண்டை வந்தால் 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதுவேன்.
பதினெட்டு வருடச் சண்டையை
அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மடித்துவைத்திருக்கிறேன்.
அன்றைக்கு ஏனோ மடிக்க வரவில்லை.

பொருள் 4. பொருளாளர் தெரிவித்தது:
சங்கத்தில் உறுப்பினர் அனைவரும் சமம்.

சாத்தப்பன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.
தப்பாக ஒன்றும் தெரியவில்லை அவருக்கு.

நகல் கட்டணம் இருபது ரூபாய்.
அதையும் கட்டினார். அதற்கும் முழு ரசீது.

மதுரைக்கு மூன்று முறை பஸ் ஏறினார்,
மூன்று நாள் கூலி போனது.
துணைப்பதிவாளர் அலுவலகத்தில்
சட்டப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்
நகலை வாங்கிப் பார்த்துவிட்டு
தேடுவதை நிறுத்திவிட்டாராம்.
உத்தரவு ஆவணியில் வந்தது. ஆறே வரி.
ஒரு வரி சாத்தப்பனுடையது,
மேற்கோள் குறிக்குள்.

இப்போது காலை ஆறு பத்துக்கு
நான்காம் தெருக் குழாய்கள்
முதலில் காற்றை இருமுகின்றன.
எல்லாத் தெருவுக்கும் தினமும் முப்பத்தைந்து நிமிடம்.
போரில் தண்ணீர் கூடவில்லை,
கூடும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

எங்கள் மாடித் தொட்டி முக்கால்தான் நிரம்புகிறது.
அலசாத போர்வையை வாளியிலேயே விட்டுவிட்டு
மனைவி கேட்கிறாள்:
"அன்னிக்கு மட்டும்
எப்பவும்போல எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?"

விவாதிக்கப்பட்டது.